கேள்வி – பதில்: அழகிப் போட்டி மேடையிலிருந்து குந்தவை வரை

திருகோணமலை மாவட்டத்து வாசகர்களிடமிருந்து நடிகை த்ரிஷாவைப் பற்றி வந்த கேள்விகள் இம்முறை இந்தப் பகுதி முழுவதையும் நிரப்பும் அளவுக்குச் சேர்ந்துவிட்டன. அவருடைய திருமணம், சம்பளம், நட்பு ஆகியவற்றைக் கேட்ட கடிதங்களை விலக்கிவிட்டு, அவருடைய தொழிலைப் பற்றிக் கேட்டவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு நடிகையைப் பற்றி எழுதுவதென்றால் அவர் செய்த வேலையைப் பற்றி எழுத வேண்டும் என்பதே என் நிலைப்பாடு.

கேள்வி: மிஸ் சென்னை பட்டம் வென்றபடியால்தான் த்ரிஷாவுக்குச் சினிமா வாய்ப்புக் கிடைத்தது என்று என் தோழிகள் சொல்கிறார்கள். அது உண்மையா?
– உயர்தர வகுப்பு மாணவி, உப்புவெளி

பட்டத்துக்கும் வாய்ப்புக்கும் தொடர்பு உண்டு, தங்கையே. ஆனால் உங்கள் தோழிகள் நினைப்பது போலப் பட்டம் கிடைத்த மறுநாளே திரைக்கதவு திறந்துவிடவில்லை. 1983 மே 4ஆம் திகதி சென்னையில் பிறந்த த்ரிஷா, சர்ச் பார்க் பாடசாலையில் படித்து, பின்னர் எத்திராஜ் மகளிர் கல்லூரியில் வணிக நிர்வாகம் பயின்றவர். இளம் வயதிலேயே மொடலிங்கில் இறங்கி, அச்சு விளம்பரங்களிலும் தொலைக்காட்சி விளம்பரங்களிலும் தோன்றினார். 1999இல் மிஸ் சேலம் பட்டமும், அதே ஆண்டிலேயே மிஸ் சென்னை பட்டமும் அவருக்குக் கிடைத்தன. 2001ஆம் ஆண்டு மிஸ் இந்தியா போட்டியில் பங்குபற்றி, அழகிய புன்னகைக்கான துணைப் பட்டத்தைப் பெற்றார்.

இனி அதே 1999ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஜோடி’ படத்தைப் பாருங்கள். அதில் கதாநாயகி சிம்ரனின் தோழிகளுள் ஒருத்தியாக த்ரிஷா வந்து போகிறார்; படத்தின் பெயர்ப்பட்டியலில்கூட அவருடைய பெயர் இல்லை. சென்னையின் அழகி என்று மேடையில் அறிவிக்கப்பட்ட அதே ஆண்டில், திரையில் அவர் பெயரில்லாத ஒரு முகம். அடுத்த ஆண்டு பால்குனி பாதக் பாடிய ஓர் இந்திப் பாடலின் காணொளியில் ஆயிஷா தாக்கியாவுடன் தோன்றினார். கதாநாயகியாக அவர் நடித்த முதற்படம் திரைக்கு வந்ததோ 2002 டிசம்பரில்தான். பட்டத்துக்கும் முதற்படத்துக்கும் இடையே மூன்று ஆண்டுகள் கடந்துவிட்டன. அந்தக் காலத்தில் அவர் படிப்பை முடிக்க வேண்டும் என்பதற்காக வந்த நடிப்பு வாய்ப்புகளை ஒதுக்கியதும், குற்றவியல் உளவியலாளராக வர வேண்டும் என்று விரும்பியிருந்ததும் அவரே பல நேர்காணல்களில் கூறிய செய்திகள்.

மொடலிங் அவருக்கு எதைக் கற்றுக்கொடுத்தது, எதைக் கற்றுக்கொடுக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கமெராவுக்கு முன் கூச்சமின்றி நிற்பது, ஒளி எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று உணர்ந்து முகத்தைத் திருப்புவது, முப்பது விநாடி விளம்பரத்தில் ஒரே அசைவைச் சோர்வில்லாமல் பல தடவை செய்து காட்டுவது ஆகியவை அங்கே கிடைக்கும் பயிற்சிகள். எதிரில் நிற்பவர் பேசும்போது அதைக் கேட்டு உள்வாங்கி முகம் மாறுவதற்கு விளம்பரத்தில் இடமில்லை. அவருடைய தொடக்ககாலப் படங்களைக் கவனமாகப் பார்த்தால், தன் முறை வரும்வரை முகம் அசையாமல் காத்திருக்கும் தருணங்களைக் காணலாம். பின்னாளில் அவரிடம் நாம் விரும்பியது இதற்கு நேர்மாறான ஒன்றை: மற்றவர் பேசிக்கொண்டிருக்கும்போது த்ரிஷாவின் முகத்தில் நிகழ்வதை. அதை எந்தப் பட்டமும் அவருக்குக் கொடுக்கவில்லை. பத்து ஆண்டுகளுக்கு மேலாகப் படப்பிடிப்புத் தளத்தில் நின்று அவர் சேர்த்துக்கொண்டது அது.

கேள்வி: த்ரிஷாவின் முதற்படம் எது? எங்கள் வீட்டில் ஒருவர் ‘லேசா லேசா’ என்கிறார், இன்னொருவர் ‘மௌனம் பேசியதே’ என்கிறார்.
– வாசகர், மூதூர்

இருவரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பிரியதர்ஷன் இயக்கிய ‘லேசா லேசா’வுக்குத்தான் அவர் முதலில் ஒப்புக்கொண்டார். அந்தப் படம் தாமதமாகி 2003இல் வெளிவந்தது. அதற்குள் அமீர் தம்முடைய முதற்படமாக இயக்கிய ‘மௌனம் பேசியதே’ 2002 டிசம்பரில் வெளிவந்துவிட்டது. அதில் சூர்யாவுக்கு இணையாக நடித்தார். பெயரில்லாத தோழி வேடத்தையும் கணக்கில் எடுத்தால் ‘ஜோடி’யே முதற்படம்.

கேள்வி: சமாதான காலத்தில் நான் இறுவட்டுக் கடை நடத்தினேன். ‘கில்லி’க்கு இருந்த கேள்வி இன்றும் நினைவில் இருக்கிறது. ஆனால் அந்தப் படத்தில் விஜய் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓட, த்ரிஷா பின்னால் ஓடுவதைத் தவிர வேறென்ன செய்கிறார்? அவரைப் பெரிய நடிகை என்று சொல்வது சரியா?
– வாசகர், திருக்கடலூர்

உங்கள் கேள்வியை நான் தட்டிக்கழிக்கப் போவதில்லை, ஐயா. 2003இல் ஹரி இயக்கிய ‘சாமி’யும், 2004 ஏப்ரலில் தரணி இயக்கிய ‘கில்லி’யும் த்ரிஷாவை முன்னணிக்குக் கொண்டுவந்த படங்கள். இரண்டுமே கதாநாயகனுக்காக எழுதப்பட்டவை. மதுரையில் முத்துப்பாண்டியின் பிடியிலிருந்து கபடி வீரன் ஒருவனால் மீட்கப்படும் தனலட்சுமி, கதை முழுவதும் துரத்தப்படுபவளாகவும் காக்கப்படுபவளாகவுமே இருக்கிறாள். மகேஷ் பாபு நடித்த தெலுங்குப் படமான ‘ஒக்கடு’வின் மறுஆக்கம் என்பதால் அந்தப் பாத்திரத்தின் எல்லைகளும் அங்கிருந்தே வந்தவை. அந்த எல்லைக்குள்ளும் அவர் ஒரு வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார். அவருடைய அச்சம் உண்மையானதாகத் தெரியாவிட்டால் பிரகாஷ் ராஜின் முத்துப்பாண்டி வெறும் கூச்சல் போடுபவராகவே மிஞ்சியிருப்பார். 2024 ஏப்ரலில் அந்தப் படம் மீண்டும் திரையரங்குகளுக்கு வந்தபோது இருபது வயதுக்கும் குறைந்த பிள்ளைகள் அதற்குத் திரண்டார்கள் என்றால், படத்தின் விசைக்கு முத்துப்பாண்டியின் துரத்தலும் தனலட்சுமியின் தப்புதலும் சம அளவில் காரணம்.

ஆனால் பெரிய நடிகை என்ற மதிப்பீட்டை ‘கில்லி’யை மட்டும் வைத்துக்கொண்டு செய்ய முடியாது. நம்மில் பலர் கவனிக்காமல் விட்ட ஒரு பக்கம் அவருடைய தெலுங்குப் படங்கள். அதே 2004இல் பிரபாஸுடன் அவர் நடித்த ‘வர்ஷம்’ வெளிவந்தது. அடுத்த ஆண்டு, பிரபுதேவா முதன்முதலாக இயக்கிய ‘நுவ்வொஸ்தானண்டே நேனொத்தண்டானா’ வந்தது. 2007இல் செல்வராகவனின் இயக்கத்தில் ‘ஆடவாரி மாட்டலக்கு அர்த்தாலே வேருலே’ வந்தது. இந்த மூன்று படங்களுக்கும் தெலுங்கில் சிறந்த நடிகைக்கான பிலிம்பேர் விருதை அவர் பெற்றார். தமிழ்ப் பெண் ஒருத்தி, தன் தாய்நிலத்துத் திரையுலகம் அவளுக்குப் பாட்டும் துணைவேடமுமாகக் கொடுத்துக்கொண்டிருந்த ஆண்டுகளில், பக்கத்து மொழியில் கதையின் நடுவில் நிற்கும் பாத்திரங்களைப் பெற்றாள் என்பதே இதன் பொருள்.

இந்தக் கதைகள் நமக்கும் வந்து சேர்ந்தன. பெரும்பாலும் வேறு முகங்களோடு. ‘வர்ஷம்’ தமிழில் ‘மழை’ ஆனபோது ஸ்ரேயா நடித்தார். செல்வராகவனின் படம் ‘யாரடி நீ மோகினி’ ஆனபோது நயன்தாரா நடித்தார். பிரபுதேவாவின் படம் 2006இல் ‘உனக்கும் எனக்கும்’ ஆனபோது மட்டும் த்ரிஷாவே தம்முடைய பாத்திரத்தை மறுபடி ஏற்றார். ‘கில்லி’ இறுவட்டு வாங்கிச் சென்ற வாடிக்கையாளர்களுக்கு அவருடைய மிகச் சிறந்த வேலை அதே நேரத்தில் ஐதராபாத்தில் நடந்துகொண்டிருந்தது தெரிந்திருக்க வழியில்லை.

ஒரு மொழியை மட்டும் நம்பியிருந்த பல கதாநாயகிகள் ஐந்தாறு ஆண்டுகளில் காணாமற்போனார்கள். த்ரிஷா தமிழில் ஓர் ஆண்டு மங்கினால் தெலுங்கில் நின்றார். 2010இல் பிரியதர்ஷனின் ‘கட்டா மீட்டா’ மூலம் இந்திக்கும், 2014இல் புனித் ராஜ்குமாருடன் ‘பவர்’ மூலம் கன்னடத்துக்கும், 2018இல் ‘ஹே ஜூட்’ மூலம் மலையாளத்துக்கும் போனார். இந்தியில் அவருக்கு நிலைபேறு கிடைக்கவில்லை. மற்ற மொழிகளில் கிடைத்த பரப்பு அவருடைய தொழில் ஆயுளை நீட்டியது என்பதில் எனக்கு ஐயமில்லை.

கேள்வி: சென்னையில் பிறந்து வளர்ந்த த்ரிஷாவுக்கு ஏன் வேறொருவர் குரல் கொடுக்க வேண்டும்? ஒரு பாத்திரத்தில் பாதி குரல்தானே? தமிழ் கற்பிக்கும் எனக்கு இது நெடுநாளைய வருத்தம்.
– ஆசிரியை, தம்பலகாமம்

உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு, ரீச்சர். தமிழ்த் திரையில் நீண்ட காலமாகப் படப்பிடிப்பின்போது பேசப்படும் குரல் படத்தில் இடம்பெறுவதில்லை. படம் முடிந்த பின்னர் ஒலிப்பதிவுக் கூடத்தில் உரையாடல் புதிதாகச் சேர்க்கப்படுகிறது. இந்த முறை நிலைபெற்ற பிறகு, முகத்தை ஓரிடத்திலும் குரலை இன்னோரிடத்திலும் தேடுவது இயக்குநர்களுக்கு இயல்பாகிவிட்டது. மும்பையிலிருந்தும் கேரளத்திலிருந்தும் மொடல்கள் கதாநாயகிகளாக வந்த தொண்ணூறுகளில் அது தேவையாக இருந்தது. தேவை வழக்கமாகி, வழக்கம் கேள்வி கேட்கப்படாத விதியாகி, கடைசியில் தமிழ் தெரிந்த நடிகைக்கும் பொருத்தப்பட்டது. ஒரே நேரத்தில் இரண்டு மொழிகளில் படப்பிடிப்பு ஓடிக்கொண்டிருக்கையில் ஒலிப்பதிவுக் கூடத்தில் நாட்கணக்கில் இருக்க நடிகைகளுக்கு நேரம் இல்லாமற்போனதும் ஒரு காரணம். கதாநாயகி என்றால் குரல் இப்படித்தான் மென்மையாக இருக்க வேண்டும் என்ற ஒரு கற்பனையும் இதற்குள் இருக்கிறது. த்ரிஷாவின் இயற்கையான குரல் சற்றுக் கனமானது.

த்ரிஷாவின் இரண்டு பெரிய பாத்திரங்களாகத் தமிழர்கள் கொண்டாடும் ‘விண்ணைத்தாண்டி வருவாயா’வின் ஜெஸ்ஸிக்கும், ‘96’இன் ஜானுவுக்கும் குரல் கொடுத்தவர் பின்னணிப் பாடகி சின்மயி. ஆகவே ஜெஸ்ஸி என்ற பெண்ணை உருவாக்கியவர்கள் இருவர். அவள் தயங்குவது த்ரிஷாவின் கண்ணில் தெரிகிறது. அந்தத் தயக்கத்தின் மூச்சு சின்மயியினுடையது. விருது மேடையில் ஒருவர் மட்டும் ஏறுகிறார். குரல் கொடுத்தவரின் பெயர் படத்தின் இறுதியில் ஓடும் பட்டியலில் எங்கோ ஓரிடத்தில் கடந்துபோகிறது. இது நீதியாக எனக்குத் தோன்றவில்லை. சுவரொட்டியில் ஒளிப்பதிவாளருக்கும் படத்தொகுப்பாளருக்கும் இடம் இருக்கும்போது குரல் கலைஞருக்கும் இருக்க வேண்டும்.

2010இல் கமல்ஹாசனுடன் நடித்த ‘மன்மதன் அம்பு’ படத்தில் த்ரிஷா தம் சொந்தக் குரலில் பேசினார். உங்கள் மாணவிகளுக்கு அந்தப் படத்தின் ஒரு காட்சியையும் ‘விண்ணைத்தாண்டி வருவாயா’வின் ஒரு காட்சியையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினால், ஒரே முகம் இரண்டு குரல்களில் எப்படி இரண்டு மனிதர்களாகிறது என்பதை அவர்கள் தாமாகவே கண்டுகொள்வார்கள்.

கேள்வி: ‘96’ படத்தை நான் பார்க்கும்போதெல்லாம் அழுதுவிடுகிறேன். என்னோடு சாதாரண தரம் படித்தவர்களில் பாதிப்பேர் இன்று கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். ஒரு மொடலாக வந்தவரால் இப்படி நடிக்க முடிந்தது எப்படி?
– வாசகி, உவர்மலை

இந்தக் கேள்விக்காகவே இம்மாதப் பகுதியை எழுத உட்கார்ந்தேன் என்று சொன்னால் மிகையில்லை, அக்கா.

‘96’ 2018 அக்டோபரில் வெளிவந்தது. ஒளிப்பதிவாளராக இருந்த பிரேம்குமார் இயக்கிய முதற்படம் அது. தஞ்சாவூரில் ஒன்றாகப் படித்தவர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின் கூடுகிறார்கள். ஜானு சிங்கப்பூரிலிருந்து வருகிறாள். கணவனும் மகளும் அங்கே இருக்கிறார்கள். விடிந்தால் விமானம். எஞ்சியிருப்பது ஓரிரவு. கதையில் நடப்பது இவ்வளவுதான். பள்ளிப் பருவத்து ஜானுவாகக் கௌரி கிஷன் நடித்திருக்கிறார். அவரிடம் ஓட்டமும் பாட்டும் சிரிப்பும் எல்லாமே இருக்கின்றன. த்ரிஷாவுக்குக் கிடைத்ததோ ஒரே ஒரு மஞ்சள் சட்டையும், நடப்பதும் உட்காருவதும் பேசுவதுமாகக் கழியும் ஓரிரவும். ஆடை மாற்றமில்லை, நடனமில்லை, ஒரு மொடல் தன் தொழிலில் சார்ந்திருக்கும் எல்லாவற்றையும் இயக்குநர் அவரிடமிருந்து எடுத்துவிட்டார்.

அந்த நிலையில் அவர் செய்ததைப் பாருங்கள். பள்ளியில் ஜானுவைக் காதலித்துப் பிரிந்த, விஜய் சேதுபதியின் ராம் கூச்சத்தால் குனிந்தும் விலகியும் நிற்பவன். ஆகவே காட்சியை முன்னகர்த்தும் பொறுப்பு ஜானுவிடம் வந்துவிடுகிறது. சலூனுக்கு அழைத்துப் போவது, கேலி செய்வது, இல்லாத ஒரு கதையை அவனுடைய மாணவிகளிடம் இட்டுக்கட்டிச் சொல்வது எல்லாம் அவள்தான். அந்த இட்டுக்கட்டிய கதையைச் சொல்லும் காட்சியில் தானும் ராமும் பிரியாமல் ஒன்று சேர்ந்துவிட்டதாகவே அவள் விவரிக்கிறாள். கேட்கும் பெண்கள் மகிழ்கிறார்கள். ராம் அதிர்ந்துபோய் நிற்கிறான். பொய்யைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது பொய் என்பது த்ரிஷாவின் முகத்தில் ஒரு நொடி வந்து மறைகிறது. மூத்த எஸ். ஜானகியின் பெயரைச் சூட்டிக்கொண்டவள், இருட்டில் கடைசியாகப் பாடும்போது அந்த முகம் சரியாகக்கூடத் தெரிவதில்லை. முகத்தை விற்றுத் தொழிலுக்கு வந்த ஒருவர், முகம் தெரியாத காட்சியில் நம்மைக் கலங்க வைத்திருக்கிறார்.

இதற்கு முன்னோட்டம் ‘விண்ணைத்தாண்டி வருவாயா’வில் இருந்தது. 2010இல் கௌதம் மேனன் எழுதிய ஜெஸ்ஸி, தான் ஏன் ‘ஆம்’ என்கிறாள், ஏன் ‘இல்லை’ என்கிறாள் என்று யாருக்கும் விளக்கம் சொல்லாதவள். அந்தக் கதையைத் தெலுங்கில் அதே நாளில் வெளியிட்டபோது சமந்தா நடித்தார். பின்னர் ‘96’ 2020இல் தெலுங்குக்குப் போனபோதும் ஜானுவாக நடித்தவர் சமந்தாவே. இரு நடிகைகளின் காட்சிகளையும் ஒப்பிட்டால் சமந்தாவின் ஜானு தன் துயரத்தை நமக்குக் காட்டுகிறாள் என்றும், த்ரிஷாவின் ஜானு அதை மறைக்கப் பார்த்துத் தோற்கிறாள் என்றும் எனக்குப் படுகிறது. இரண்டுமே ஏற்கத்தக்க நடிப்புகள். என் மனம் இரண்டாவதன் பக்கம் சாய்கிறது.

‘96’க்குத் தமிழில் சிறந்த நடிகைக்கான பிலிம்பேர் விருது அவருக்குக் கிடைத்தது. தெலுங்கில் மூன்று விருதுகள் பெற்று முடித்து ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் கழிந்த பிறகே தமிழ் அவரை அந்த மேடைக்கு அழைத்தது. இடையில் 2016இல் ‘கொடி’ படத்தில், காதலனையே அரசியலுக்காகப் பலியிடும் ருத்ராவாக அவர் நடித்ததையும் நீங்கள் பார்க்க வேண்டும். முப்பது வயதைத் தாண்டிய கதாநாயகிகளுக்கு நம் திரையுலகம் அக்கா வேடமும் அண்ணி வேடமும் மட்டுமே எழுதிவைத்திருந்த நேரத்தில், ஓர் எதிர்மறைப் பாத்திரத்தைத் துணிந்து ஏற்றதுதான் அவரை ‘96’ வரை கொண்டுவந்து சேர்த்தது என்று நான் கருதுகிறேன்.

சாதாரண தரத்தில் உங்களோடு படித்தவர்கள் விடுமுறைக்கு ஊர் வரும்போது நிகழும் சந்திப்புகளில் ஒரு ஜானு எப்போதும் இருக்கிறாள் என்பதை நான் அறிவேன். கோணேசர் கோயிலடியில் நின்று பழைய வகுப்புத் தோழர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர்களுக்குத் தஞ்சாவூர்க் கதை அந்நியமாக இருக்க வழியில்லை. நமக்கோ பிரிவுக்கு விமானச்சீட்டு மட்டுமல்லாமல் போரும் காரணமாக இருந்தது.

கேள்வி: ‘பொன்னியின் செல்வன்’ படத்தில் குந்தவையாக த்ரிஷா பொருத்தமாக இருந்தாரா? வரலாற்றுக் குந்தவைக்கும் அந்தப் பாத்திரத்துக்கும் எவ்வளவு நெருக்கம்?
– ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், நிலாவெளி

உங்கள் ஊரிலேயே கோணேசர் ஆலயத்துக்கான நிலக்கொடையைக் கூறும் சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. பெரியகுளத்துக்கு அருகிலுள்ள வெல்கம் விகாரை ‘இராசராசப் பெரும்பள்ளி’ என்று அதன் தமிழ்க் கல்வெட்டுகளில் குறிக்கப்படுகிறது. ஆகவே குந்தவையின் தம்பி இராசராசனுடைய பெயர் நம் மாவட்டத்துக் கற்களில் எழுதப்பட்டிருக்கும்போது நீங்கள் இதைக் கேட்பது இயல்பானதே.

வரலாற்றுக் குந்தவையைப் பற்றி நாம் உறுதியாக அறிவது பெரும்பாலும் அவருடைய கொடைகளின் வழியாகத்தான். தஞ்சைப் பெருங்கோயிலுக்கு ‘நாம் கொடுத்தனவும், நம் அக்கன் கொடுத்தனவும்’ கல்லில் வெட்டுக என்று இராசராசன் ஆணையிடும்போது, மனைவியருக்கு முன்பாகத் தமக்கையை வைக்கிறான். அதே கோயிலின் கல்வெட்டுகள் அவரை வல்லவரையர் வந்தியதேவரின் தேவியார் என்று அறிமுகப்படுத்துகின்றன. கதையில் வரும் சதி, காதல், உளவு ஆகியவை கல்கியின் கற்பனையில் வளர்ந்தவை.

மணிரத்தினம் 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் இரண்டு பாகங்களாகத் தந்த படத்தில் குந்தவை ஓர் அரசியல் மூளை. வாள் எடுக்காமல், குரல் உயர்த்தாமல், ஒரு சபையில் இருக்கும் ஆண்கள் அனைவரையும் தன் கணக்குப்படி நகர்த்த வேண்டிய பாத்திரம். த்ரிஷாவின் மொடலிங் பயிற்சி இங்கே முதன்முறையாக முழுப் பயனையும் கொடுத்தது என்பது என் மதிப்பீடு. கனத்த நகைகளோடும் உயர்ந்த கொண்டையோடும் தலையை நேராக வைத்துக்கொண்டு ஒரு மண்டபத்தின் நீளம் முழுவதும் நடந்து வருவது எளிதான காரியமன்று. ஐசுவர்யா ராயின் நந்தினியும் அவரும் நேருக்கு நேர் நிற்கும் காட்சியில், 1994இன் உலக அழகியும் 1999இன் சென்னை அழகியும் ஒரே சட்டகத்தில் நிற்கிறார்கள். அழகு அங்கே அவர்களிருவருக்கும் ஆயுதம் என்பதை இயக்குநர் புரிந்துகொண்டு எடுத்திருக்கிறார். குறையென்றால், செந்தமிழ் வசனங்களில் சில இடங்களில் உச்சரிப்பு நாட்டு அரசிக்குரிய அழுத்தத்தை எட்டவில்லை. இது படம் முழுவதற்கும் பொதுவான குறை.

கேள்வி: ஐயா, என் மகள் உயர்தரப் பரீட்சை எழுதியிருக்கிறாள். மொடலிங் செய்ய வேண்டும் என்று நிற்கிறாள். த்ரிஷாவைக் காட்டி வாதாடுகிறாள். முகநூலில் ஒரு நிறுவனத்தார் பதிவுக் கட்டணம் கேட்டிருக்கிறார்கள். நான் என்ன செய்வது?
– தாய், திருகோணமலை நகர்

முதலில் அந்தக் கட்டணத்தைக் கட்டாதீர்கள், அம்மா. ஒரு மொடலுக்கு நிறுவனம் வேலை பிடித்துக் கொடுத்து, அந்த ஊதியத்தில் தன் பங்கை எடுத்துக்கொள்வதுதான் இத்தொழிலின் முறை. வேலை வருவதற்கு முன்பே பணம் கேட்பவர்கள் பெரும்பாலும் அந்தப் பணத்துக்காகவே நிறுவனம் நடத்துபவர்கள். ஒளிப்படத் தொகுப்பு எடுக்க வேண்டுமென்றால் ஊரிலுள்ள நல்ல கல்யாண ஒளிப்படக் கலைஞர் ஒருவரிடமே, ஒப்பனை அதிகமில்லாமல், பகல் வெளிச்சத்தில் சில படங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

மகளைத் தடுத்து நிறுத்துவதை விட, கூடப் போங்கள். முதற்சில படப்பிடிப்புகளுக்கு வீட்டார் ஒருவர் உடன் இருப்பதை எந்த நேர்மையான நிறுவனமும் மறுக்காது. மறுத்தால் அதுவே விடை. படங்கள் எதற்கு, எவ்வளவு காலத்துக்கு, எந்த ஊடகத்தில் பயன்படுத்தப்படும் என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒப்பந்தம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால் தமிழில் விளங்கும்வரை கையெழுத்திட வேண்டாம். சட்டத்தரணி ஒருவரிடம் ஒரு தடவை காட்டுவதற்கு ஆகும் செலவு வீண்செலவன்று. படங்களை வைத்து யாராவது மிரட்டினால் வெட்கப்பட்டு மறைக்காமல், பெண்களுக்கான 1938 என்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். பதினெட்டு வயது நிறையாதவர் என்றால் 1929.

த்ரிஷாவைக் காட்டி வாதாடும் மகளிடம், அவர் படிப்பையும் மொடலிங்கையும் ஒன்றாகவே நடத்தினார் என்பதையும் சொல்லுங்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல் கற்கைகள் இருக்கின்றன. கமெராவுக்கு முன்னால் நிற்க விரும்பும் பிள்ளைக்குக் கமெராவுக்குப் பின்னால் நடப்பதையும் கற்பிக்கும் துறை அது. உயர்தரப் பெறுபேறு வரட்டும். அதுவரை உள்ளூர் நாடகம் ஒன்றில், பாடசாலைப் பழைய மாணவர் விழா ஒன்றில் அவள் மேடையேறட்டும். மும்மொழியிலும் தடங்கலின்றிப் பேசப் பழகுவது, இந்த நாட்டில் விளம்பரத்துறைக்குள் நுழையும் தமிழ்ப் பெண்ணுக்கு அழகைவிடப் பெரிய மூலதனம். கொழும்பில் எடுக்கப்படும் விளம்பரங்களில் தமிழ்ப் பதிப்புக்குத் தனியாகக் குரலும் முகமும் தேவைப்படுகின்றன.

கேள்வி: த்ரிஷா சமூகப்பணி எதுவும் செய்திருக்கிறாரா?
– மாணவர், கிண்ணியா

2017இல் யுனிசெப் அமைப்பு அவரைத் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்குமான சிறுவர் உரிமைப் பரப்புரையாளராக நியமித்தது. சிறுவர் திருமணம், சிறுவர் தொழில், துர்ப்பிரயோகம் ஆகியவற்றுக்கு எதிராகப் பேசுவது அந்தப் பொறுப்பில் அடங்கும்.

கேள்வி: நான் த்ரிஷாவின் படம் எதையும் முழுமையாகப் பார்த்ததில்லை. எங்கிருந்து தொடங்குவது?
– வாசகர், குச்சவெளி

‘விண்ணைத்தாண்டி வருவாயா’வில் தொடங்குங்கள். அதன் பின் ராதாமோகன் இயக்கிய ‘அபியும் நானும்’ படத்துக்கு வாருங்கள். 2008இல் வந்த அந்தப் படத்தில் காதலுக்கு இரண்டாமிடம்தான், பிரகாஷ் ராஜின் மகளாக ஒரு சாதாரண வீட்டுப் பிள்ளையாக அவர் எப்படி இருக்கிறார் என்று தெரியும். மூன்றாவதாகக் ‘கொடி’. அதை முடித்துவிட்டு ஒருநாள் விட்டு, இரவில், வீட்டில் எல்லோரும் உறங்கிய பிறகு ‘96’ஐப் போடுங்கள். ‘கில்லி’யை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம்; அது உங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் எப்படியும் வந்துவிடும்.